யோசிக்கும்போது மினுங்கும் திரை

மென்பொருளில் பிழைகள் இரண்டு வகை. முதல் வகை, கூடவே பிறப்பது. புதிதாக எழுதிய ஒன்று முதல் நாளிலிருந்தே சரியாக ஓடாது. யாரும் அதை நம்பி இருக்கவும் மாட்டார்கள். இரண்டாம் வகை, நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று காலை ஓடாமல் போவது. இதை ரெக்ரஷன் என்கிறார்கள். கலைச்சொல் அகராதிகளில் ‘பின்னடைவு’ என்று இருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. தேர்தலில் தோற்ற கட்சிக்கும் பின்னடைவுதான். இங்கே நடப்பது கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது.

லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு விதி உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக, சில சமயம் கடும் கோபத்தோடு, வலியுறுத்தி வரும் விதி அது. பழைய கெர்னலில் ஓடியது புதிய கெர்னலில் ஓடாமல் போகக் கூடாது. போனால் தவறு கெர்னலுடையது, பயன்படுத்துகிறவருடையது அல்ல. சீக்கிரம் திருத்த முடியாவிட்டால், மாற்றம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதைத் திரும்பப் பெற வேண்டும். இப்படி வரும் புகார்கள் காற்றோடு போகாமல் குறித்துவைத்துத் துரத்துவதற்கென்றே தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் என்கிற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பல வருடம் உழைத்திருக்கிறார். இத்தனை பேர் சேர்ந்து எழுதும் ஒன்றில் இப்படி ஒரு விதி இருப்பதை நான் எப்போதும் வியப்போடுதான் பார்த்துவந்தேன். அது யாரைக் காப்பாற்றுகிறது என்பது சென்ற ஆண்டுதான் கண்ணெதிரே தெரிந்தது.

கெர்னல் எனக்குச் சோறு போடுவதில்லை. உதிரிபாகக் கிடங்குகளின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற ஆலோசகன் நான். 2004இல் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனி வந்தபோது புது மடிக்கணினி வாங்கக் காசில்லை. யாரோ கழித்துப் போட்டதில் லினக்ஸ் ஏற்றிப் படித்தேன். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பெற்றோரின் அலுவலகம் வழியாக 12 பழைய மடிக்கணினிகள் கிடைத்தபோது, அவற்றில் இருந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப்போகும் நேரம். புதிய பதிப்பை அந்த இயந்திரங்கள் ஏற்கவில்லை. ‘தம்பியிட்டக் கேளுங்கோ’ என்று யாரோ சொல்ல, 12 இயந்திரங்களும் என் பொறுப்பில் வந்தன.

எங்கள் பள்ளி சனிக்கிழமைகளில் நகராட்சிக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள். என்னைப் போல வேலைக்கும் படிப்புக்கும் வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் பிறகு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மேல்வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கான கட்டுரைகளைத் தாங்களே தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அங்கே ஒரு வழக்கம். அந்த வகுப்பை எடுப்பவர் ஒரு மூதாட்டி. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். பாமினி விசைப்பலகையில் அவர் விரல் ஓடும் வேகத்துக்கு நான் இன்றும் ஈடில்லை.

லினக்ஸ் ஏற்றி ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடின. இலையுதிர் விடுமுறையில் எல்லாவற்றையும் அடுத்த பதிப்புக்கு ஏற்றினேன். விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, ஸ்கிரீன் ஒரு மாதிரி மினுங்குது. ஒண்டில்லை, எல்லாத்திலயும்.”

போய்ப் பார்த்தேன். திரையின் கீழ்ப்பகுதி ஒரு நொடிக்கும் குறைவாக வெளிறி, நடுங்கி, பழையபடி நின்றது. பிறகு கால்மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு மீண்டும். 12 திரைகள் ஓர் அறையில் இருந்தால் எங்காவது ஒன்று மினுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வகுப்பில் ஒரு சிறுமிக்கு வலிப்பு உண்டு. விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சத்தைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரீச்சர் அவளைக் கடைசி வரிசையில், திரைகளுக்கு முதுகு காட்டி, ஒரு கொப்பியும் பென்சிலுமாக உட்காரவைத்திருந்தார். மற்றவர்கள் தட்டச்சு செய்ய, அவள் தனியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

நிர்வாகக் குழுவில் பொருளாளர் கணக்குப் போட்டார். ஒன்று 400 யூரோ என்றாலும் 12க்கு 4,800. பள்ளிக் கட்டணத்தை உயர்த்தாமல் அது முடியாது. “பழசைக் கட்டி அழுறதுக்கு ஒரு அளவிருக்கு” என்றும் ஒருவர் சொன்னார். ஆனால் அந்த இயந்திரங்கள் பழசாகிக் கெட்டுப் போகவில்லை. விடுமுறைக்கு முன் இருந்த அதே கம்பிகள், அதே கண்ணாடிதான். மாறியது மென்பொருள் மட்டும்.

கிளம்பும்போது ரீச்சர் இன்னொன்று சொன்னார். பல வருடம் பரீட்சை மண்டபத்தில் நின்று பார்த்த கண் அது.

“தம்பி, நான் கவனிச்சனான். பிள்ளையள் எழுதேக்க மினுங்கேல்லை. யோசிக்கேக்கதான் மினுங்குது.”

எனக்குக் கிடைத்த துப்புகளில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். மடிக்கணினித் திரை சாதாரணமாக நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. நீங்கள் ஒரு பக்கத்தை அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தாலும், கிராபிக்ஸ் சிப் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். வீண் வேலை, வீண் மின்சாரம். இதைத் தவிர்க்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். திரையின் பேனலுக்குள்ளேயே ஒரு சிறு நினைவகம். படம் மாறாதபோது பேனல் அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு தானே வரைந்துகொள்ளும். சிப்புக்கும் பேனலுக்கும் இடையிலுள்ள இணைப்பு தூங்கிவிடும். ஒரு எழுத்து மாறினாலும் இணைப்பை எழுப்ப வேண்டும். இதற்குப் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று பெயர். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு பெரும்பாலும் விழித்திருக்கிறது. விரலை எடுத்துவிட்டு யோசிக்கத் தொடங்கியதும் அது தூங்கப் போகிறது. கர்சர் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் எழுகிறது, மறுபடி தூங்குகிறது. ஆயிரம் முறை சரியாக எழுந்து, ஆயிரத்தோராவது முறை தடுமாறினால் அதுதான் நாம் காணும் மினுங்கல்.

இந்தத் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துவது கிராபிக்ஸ் டிரைவர். டிரைவர் என்றதும் ஊரிலிருந்து அம்மா “எந்த வண்டிக்குப்பா?” என்று கேட்டார். ஒரு வகையில் சரியான கேள்விதான். எந்த வண்டி என்பதுதான் டிரைவரின் தலைவலி. ஒரே சிப்பை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பலகைகளில் பொருத்தி, வெவ்வேறு பேனல்களோடு இணைத்து விற்கின்றன. டிரைவரை எழுதும் பொறியாளர் மேசையில் அவற்றில் ஒரு கைப்பிடிகூட இருக்காது. எங்கள் பள்ளியில் இருக்கும் மாடல் அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் மூல நிரல் திறந்து கிடக்கிறது. அவர் கண்ணில் படாததை இயந்திரம் வைத்திருப்பவர் பார்த்துச் சொல்லலாம்.

அந்தத் தூக்க வசதியையே நிறுத்திவைக்க ஓர் அமைப்பு உண்டு. ஒரு வரி. அன்று இரவே ஒரு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். மினுங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை 12இலும் போட்டேன். சிறுமி முன்வரிசைக்கு வந்தாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் அது கதவின் கீல் முனகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது. மின்கலம் முன்பைவிடச் சீக்கிரம் இறங்கியது. யாராவது ஒன்றைப் புதிதாக நிறுவினால் அந்த வரியை மறக்காமல் சேர்க்க வேண்டும். சேர்க்க நான் இந்த ஊரில் இருக்க வேண்டும். இந்த மாடலை வைத்திருக்கும் வேறு எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. அவர்கள் திரை கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களை யார் வைத்திருப்பார்கள் என்று யோசித்தால், புதிது வாங்க முடியாதவர்கள்தான். அந்த விதி காப்பாற்றுவது அவர்களை.

ஆகவே, எந்த மாற்றத்தால் இது வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கெர்னல் 9, 10 வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். நல்ல பதிப்புக்கும் மினுங்கும் பதிப்புக்கும் நடுவே என் கணக்கில் பதின்மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றாகப் படிக்க ஆயுள் போதாது. ஆனால் மாற்றங்கள் வரிசையில் நிற்கின்றன. டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்கிற கருவி அந்த வரிசையைக் காத்து வைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் மாற்றம்வரை உள்ள கெர்னலைக் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். மினுங்கினால் காரணம் முன்பாதியில். மினுங்காவிட்டால் பின்பாதியில். மீண்டும் அந்தப் பாதியின் நடு. மனதில் ஓர் எண்ணை நினைத்துக்கொள், நான் கண்டுபிடிக்கிறேன் என்று பிள்ளைகள் ஆடும் விளையாட்டுதான். 2ஐ 14 முறை பெருக்கினால் 16,384. ஆகவே 14 கேள்விகள் போதும். கிட் கருவிக்குள்ளேயே இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. பைசெக்ட் என்று பெயர்.

கிராபிக்ஸ் டிரைவர் இருக்கும் அடைவுக்குள் மட்டும் தேடினால் 3 கேள்விகள் மிச்சமாகும். நான் அப்படிச் செய்யவில்லை. மின்சேமிப்பு, நேரக்கணக்கு என்று வேறெங்கோ நடந்த ஒரு மாற்றம்கூடத் திரையில் வந்து தெரியலாம். தேடுவதற்கு முன்பே சந்தேகத்துக்குரியவரை முடிவு செய்துவிட்டால், தேடல் அவரைத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

கேள்வி 14தான் என்றாலும் பதில் எளிதாகக் கிடைப்பதில்லை. ‘மினுங்குகிறது’ என்று சொல்ல ஒரு மினுங்கல் போதும். ‘மினுங்கவில்லை’ என்று எப்போது சொல்வது? சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒழுங்கில்லாமல் வரும் ஒன்று, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தும் வராமலே போக நூற்றுக்கு 5 வாய்ப்பு உண்டு. சிறிய எண்தான். ஆனால் 14இல் ஏழு பதில்கள் ‘நல்லது’ என்று வந்தால், ஏழு முறை இந்தச் சூதாட்டம் ஆடுகிறோம். ஒன்றாவது பொய்யாகிப் போக நூற்றுக்கு 30 வாய்ப்பு. ஒரு பொய்யான ‘நல்லது’ போதும், தேடல் தவறான பாதிக்குள் நுழைந்துவிடும். பிறகு எத்தனை கவனமாகப் பார்த்தாலும் சம்பந்தமே இல்லாத ஒரு மாற்றத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். அதே பார்வையை 2 மணி நேரமாக நீட்டினால் ஒரு முறைக்கான வாய்ப்பு நூற்றுக்குக் கால்பங்கு. ஏழும் சேர்ந்து நூற்றுக்கு 2க்கும் கீழ். எனவே 2 மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

வேலை நாளில் 2 மணி நேரம் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எங்கே நேரம்? ரீச்சர்தான் முன்வந்தார். “நான் கொப்பி திருத்திக்கொண்டு பக்கத்தில வைச்சுப் பாக்கிறன்” என்றார். அவர் வீடு டிராமில் 3 நிறுத்தம். இரவில் என் மேசைக் கணினியில் கெர்னலைக் கட்டுவேன். அந்த மடிக்கணினிக்குத் தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு போக்குக்கு ஒரு கெர்னல் கொண்டுபோவது நேர விரயம் என்பதால் மூன்றாகக் கொண்டுபோனேன். ‘அ’ மினுங்கினால் அடுத்து ‘ஆ’வை ஓட்டுங்கள், மினுங்காவிட்டால் ‘இ’யை ஓட்டுங்கள். இப்படி ஒரு போக்கில் இரண்டு கேள்விகள் தீர்ந்தன. இடையில் ஒரு கெர்னல் கட்டவே வரவில்லை. அதைத் தாண்டிப் பக்கத்தில் உள்ளதை எடுக்கவும் கருவியில் வழி இருக்கிறது.

ரீச்சர் ஒரு தனிக் கொப்பி போட்டார். தேதி, எழுத்து, தொடங்கிய நேரம், மினுங்கிய நேரம். சில வரிகளில் ‘வெயில் முகத்தில, யன்னலை மூடினேன்’ என்பது போன்ற குறிப்புகள். ஒரு நாள் ‘12 நிமிடத்தில் ஏதோ கண்டது போல, நிச்சயமில்லை, மறுபடி பார்த்தேன், 51இல் நிச்சயம்’ என்று எழுதியிருந்தார். சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள்கூட இத்தனை நேர்மையாக எழுத மாட்டார்கள். எது மினுங்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன் என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பாதிப் பாதியாக வெட்டும் தேடலில் தேடுகிறவனுக்கும் எதிர்பார்ப்பு கிடையாது.

இந்த இரண்டு வாரமும் பகலில் நான் என் வழக்கமான வேலையில் இருந்தேன். அங்கே ஏதாவது நின்றுபோனால் கூட்டம் கூடும். முதல் கேள்வி, யார் செய்தது? எல்லோரும் பழைய மின்னஞ்சல்களைத் தேடித் தங்கள் பெயர் அதில் இல்லை என்று காட்டுவார்கள். கிட் கருவியிலும் அப்படி ஒரு கட்டளை இருக்கிறது. பெயரே பிளேம், பழி. ஒரு கோப்பைக் காட்டினால் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். பைசெக்ட் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழி கேட்பது யார் என்று. இது கேட்பது எப்போதிலிருந்து என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் ஒளிய வேண்டியதில்லை. பார்த்தவர் பார்த்ததைச் சொன்னால் போதும்.

ஏழாவது போக்கில் 14ஆவது பதில் வந்தது. ஒற்றை மாற்றம் மிஞ்சியது. உண்மையில் அது கிராபிக்ஸ் டிரைவரில்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வரி. படித்தேன். பிழையே இல்லை.

இணைப்பு எழுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் இடம் அது. பழைய கணக்கு கொஞ்சம் தாராளமாக, மேல்நோக்கி முழுமையாக்கிக்கொண்டே போனது. அதனால் வேறு சில இயந்திரங்களில் திரை உறைந்துகொண்டிருந்தது என்று மாற்றத்தின் குறிப்பில் எழுதியிருந்தார்கள். புதிய கணக்கு தரநிலையில் சொல்லியிருப்பதை அப்படியே பின்பற்றியது. தயாராக எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை ஒவ்வொரு பேனலும் தனக்குள் ஓர் எண்ணாக வைத்திருக்கும். தரநிலை 0 முதல் 330 மைக்ரோசெகண்ட் வரை, 55 இன் படிகளாக, அதைச் சொல்ல இடம் தருகிறது. டிரைவர் அந்த எண்ணைக் கேட்டு, நம்பி நடக்கும். எங்கள் பேனல் சொன்ன எண் அதற்கு உண்மையில் தேவையானதைவிடக் குறைவு. இத்தனை வருடம் பழைய கணக்கின் தாராளம் அந்தப் பொய்யை மூடி வைத்திருந்தது. கணக்கு நேரானதும் பொய் வெளியே வந்தது.

அப்படியானால் குற்றவாளி யார்? மாற்றத்தை எழுதியவர் சரியாக எழுதினார். பழைய கணக்கை எழுதியவர் பிசகாக எழுதி எங்களைக் காப்பாற்றினார். பேனலுக்குள் அந்த எண்ணை எழுதிய கை பத்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேறு மாடலின் எண்ணை அப்படியே நகலெடுத்திருக்கலாம். ‘எப்போது’ என்பதற்கு ஒரே பதில் கிடைத்தது. ‘யார்’ என்பதற்குப் பதிலே இல்லை.

உறுதி செய்துகொள்ள, அன்றைய புத்தம் புதிய கெர்னலை எடுத்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நீக்கிக் கட்டினேன். ரீச்சர் ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். மினுங்கவில்லை. பிறகு புகார் எழுதினேன். என்ன மாடல், எந்தப் பேனல், எந்தப் பதிப்புவரை நல்லது, எதிலிருந்து கெட்டது, எந்த மாற்றம், நீக்கினால் என்ன ஆகிறது. ‘அசையாத திரையில் மட்டும் வருகிறது’ என்ற ரீச்சரின் வாக்கியத்தை முதல் வரியாக வைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. மாற்றத்தை எழுதியவரே எழுதியிருந்தார். வேறு நாடு, வேறு நேரம். தற்காப்பாக ஒரு சொல் இல்லை. பேனல் என்ன எண் சொல்கிறது என்பதைக் காட்டும் பதிவை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மூன்று நாளில் ஒரு சிறு திருத்தத்தை அனுப்பி, ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் தன் மாற்றத்தைத் திரும்பப் பெறவில்லை. பெற்றால் உறைந்துகொண்டிருந்த இயந்திரங்கள் மறுபடி உறையும். அவற்றுக்கும் எங்கோ ஒரு ரீச்சர் இருப்பார். அதற்குப் பதிலாக டிரைவரில் இருக்கும் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். இந்த மாடலாக இருந்தால், பேனல் சொல்வதை நம்பாதே, கூடுதல் நேரம் கொடு.

அந்தப் பட்டியலை நான் அதற்குமுன் நின்று வாசித்ததில்லை. பெரிய டிரைவர்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று உண்டு. இந்த இயந்திரத்தில் வெளிச்சத்தின் அளவு தலைகீழாக இருக்கும், திருப்பிக்கொள். அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தபின் சற்றுப் பொறு. தரநிலை என்பது எல்லோரும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இந்தப் பட்டியல் யார் யார் உண்மையில் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்கிறது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவர் தன் இயந்திரத்தோடு உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். வயதான வீட்டில் எந்தப் படி ஆடும், எந்தத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட வேண்டும் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திருத்தத்தோடு ஒரு குறிப்பு போகும். எந்த மாற்றத்தைச் சரிசெய்கிறது என்று அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகள். புகார் தந்தவர் பெயர். சோதித்துப் பார்த்தவர் பெயர். பெயரைச் சேர்க்குமுன் சம்மதம் கேட்பார்கள். என்னிடம் கேட்டார். சோதித்தவர் நான் இல்லை, இன்னொருவர், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

ரீச்சர் வீட்டுக்குப் போய் விளக்கினேன். உங்கள் பெயர் லினக்ஸ் வரலாற்றில் இருக்கும் ரீச்சர், யாராலும் அழிக்க முடியாது என்றேன். ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதற்கு முந்தைய பதிவையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது, ஒரு பெயரை மாற்றினால் அதற்குப் பிறகுள்ள எல்லா எண்களும் மாறிவிடும், அதனால் உலகமெங்கும் உள்ள பிரதிகளில் அது அப்படியே நிற்கும் என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

“அழிக்கவே ஏலாதோ?”

“ஏலாது ரீச்சர்.”

“அப்ப என்ர பேர் வேண்டாம் தம்பி. நீங்கள் உங்கட பேரைப் போடுங்கோ.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

“பேர் ஒரு இடத்தில எழுதுப்பட்டால், பிறகு ஆர் எடுத்து வாசிப்பினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. இது நல்ல லிஸ்ட் எண்டு எனக்கு விளங்குது. ஆனா லிஸ்ட் எண்டாலே எனக்கு ஒரு மாதிரி.”

அவர் 1990இல் ஊரைவிட்டு வந்தவர். நான் திறந்த மூல நிரல் என்று எப்போதும் பெருமையாகச் சொல்வேன். எல்லாம் வெளிச்சத்தில், எல்லோர் பார்வையிலும், என்றைக்கும். நான் வளர்ந்த ஊரில் பெயர் அச்சில் வருவது பரிசு. ரேஷன் கார்டும் தேர்வு முடிவும் தவிர வேறு பட்டியலுக்கு நாங்கள் பயந்ததில்லை. அவரை நான் வற்புறுத்தவில்லை. பொறியாளருக்கு, அவர் பெயர் சொல்ல விரும்பவில்லை, என் பெயர் மட்டும் போதும் என்று எழுதினேன். புரிகிறது என்று ஒரு வரி பதில் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் திருத்தம் முதன்மைக் கெர்னலில் சேர்ந்து, அங்கிருந்து நிலைப் பதிப்புகளுக்கு இறங்கி, சில வாரங்களில் எங்கள் 12 மடிக்கணினிகளுக்கும் வழக்கமான புதுப்பிப்பாக வந்தது. பழைய வரியை நீக்கினேன். மின்கலம் முன்புபோல் நின்றது. சிறுமி முன்வரிசையிலேயே இருந்தாள். இப்போது யாராவது அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தால், சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான், பார்த்தவர் அவர். ஒரு கொப்பி மட்டும் ரீச்சர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வேண்டுமானால் அழிக்கலாம், எரிக்கலாம், யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கலாம். அது அவர் இஷ்டம்.

அதற்கடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பையன் இன்னும் கட்டுரையை முடிக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவன் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நேரமாகிறது என்று சொல்லப் போனேன். ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“விடுங்கோ தம்பி. இப்ப ஆறுதலா யோசிக்கலாம்தானே.”

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. ஈழத்துத் தமிழில் அவசரமில்லாமல், நிதானமாக என்று பொருள். இங்கே வந்து இருபது வருடத்தில் நான் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று. திரை அசையாமல் இருந்தது. அவன் யோசித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.